தொட்டியில் போட்ட கருங்காலி

இப்போதெல்லாம் யாரும் எதையும் தொட்டுப் பார்த்து வாங்குவதில்லை. செல்போனில் படத்தைப் பார்க்கிறார்கள், விரலால் இழுத்துப் பெரிதாக்குகிறார்கள், நல்லாருக்கே என்கிறார்கள், வாங்கிவிடுகிறார்கள். செருப்பும் அப்படித்தான், சட்டையும் அப்படித்தான், கல்யாணத்துக்கு மாப்பிள்ளையும்கூட அப்படித்தான். சரி, அதெல்லாம் அவரவர் தலையெழுத்து. மரத்தையுமா அப்படி வாங்குவார்கள்? படத்துக்கு எடை உண்டா, வாசனை உண்டா, தட்டினால் சத்தம்தான் வருமா?

பெரியவருக்கு அன்று காலையிலிருந்து இதே புலம்பல். புலம்பலைக் கேட்கத்தான் ஆளில்லை.

ஒரு காலத்தில் அவர் கடைசல்காரர். லேத்தில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் சீவி, கட்டில் கால், கைப்பிடி, கிண்ணம் என்று எதைக் கேட்டாலும் உருட்டிக் கொடுத்தவர். கை நடுங்க ஆரம்பித்ததும் மகள் உளியை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிடுங்கிக்கொண்டாள் என்பதுதான் அவர் கணக்கு. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரைப் பட்டறையில் இப்போது எல்லாம் அவள்தான். மரம் வாங்குவதும் வேலை பிடிப்பதும் மருமகன். பெரியவருக்கு மிச்சமானது வாசலோரத்து முக்காலியும், எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கும் பழக்கமும். பலகையைத் தட்டுவார், பானையைத் தட்டுவார், பூசணிக்காயைத் தட்டுவார், பக்கத்து வீட்டில் நேற்று எழுப்பிய சுவரைத் தட்டுவார். தெருவில் அவருக்கு டொக்டொக் மாமா என்றே பெயர். பெண் பார்க்க வந்த அன்று மருமகனின் முதுகையும் இவர் தட்டிப் பார்த்தார் என்று எதிர்ப் பட்டறைப் பாலிஷ்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். பெரியவர் அதை மறுத்ததே இல்லை. "தட்டினேன். சத்தம் திருப்தியா இல்ல. இவதான் கேக்கல," என்று மகளைக் கை காட்டுவார்.

மருமகன் முன்பு பெயின்ட் கடையில் நின்றவன். டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்கி, வேண்டிய நிறத்தை எடுத்துக் கொடுப்பது அவன் தொழிலாக இருந்தது. அவனுக்குக் கறுப்பு என்றால் எல்லாம் ஒரே கறுப்புதான் என்பது பெரியவரின் தீர்ப்பு. அப்படிப்பட்டவன், தேக்கோ வேம்போ வாங்கினால்கூடப் பரவாயில்லை, கருங்காலி வாங்கியிருக்கிறான். அதுவும் படத்தைப் பார்த்து.

விஷயம் இதுதான். ஊருக்கு நடுவே ஒரு பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறார்கள். உள்ளே அகலமான மரப் படிக்கட்டு. கைப்பிடி தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் நிற்கிற தூண்களின் தலையில் ஆளுக்கொரு கருங்காலி உருண்டை. ஏறுகிறவர் இறங்குகிறவர் உள்ளங்கை பட்டுப் பட்டே கண்ணாடிபோல் ஆனவை. அதில் ஒன்றை வேலையாட்கள் கழற்றும்போது கீழே போட்டு உடைத்துவிட்டார்கள். கருங்காலி அப்படித்தான். ஆணி இறங்காது, ஆனால் கல்லில் விழுந்தால் கண்ணாடி மாதிரி தெறித்துவிடும். இப்போது அதே மரத்தில், அதே பருமனில் இன்னொன்று வேண்டும். பூட்டுக்கு மேல் பூட்டு போட்டுவைக்கிற, யாரையும் லேசில் நம்பாத அந்தக் கட்டடத்து மேற்பார்வையாளர் மகளின் கைவேலையைப் பார்த்துவிட்டு அவளிடமே கொடுத்துவிட்டார்.

உரித்த தேங்காயைவிடப் பெரிய உருண்டை. அந்தப் பருமனில் விரிசல் இல்லாத, ஓரத்து வெள்ளை கலக்காத, முழுக்கக் கறுத்த வைரம் பாய்ந்த நடுமரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கத்திப்பிடிக்கும் கைத்தடிப் பூணுக்கும் சதுரங்கக் காய்க்கும் வேண்டிய சின்னச் சின்னத் துண்டு எங்கேயும் கிடைக்கும். இது அப்படியில்லை. மருமகன் எங்கெங்கோ கேட்டு, யாரோ ஒரு மரக்காரர் தன் கிடங்கின் மூலையில் பல வருஷமாகப் போட்டுவைத்திருந்த கட்டையைப் பிடித்துவிட்டான். இரண்டு முனையிலும் மெழுகு பூசி, சாக்கில் சுற்றி வந்து இறங்கியது. மகள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

பெரியவர் எழுந்து வந்து தட்டினார். கணீர் என்றது. மரத்தைத் தட்டினாரா வெண்கலத்தைத் தட்டினாரா என்று அவருக்கே ஒரு கணம் சந்தேகம். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்ன மாமா, பாஸா?" என்றான் மருமகன்.

"பாப்போம்," என்றுவிட்டு முக்காலிக்குப் போய்விட்டார்.

அவர் இப்படிச் சந்தேகப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. வாலிபத்தில் ஒருவன் அவர் காதில் நன்றாகப் பூ சுற்றியிருக்கிறான். சாயத்தில் ஊறப்போட்ட ஏதோ ஒரு மரத்தைக் கருங்காலி என்று தலையில் கட்டிவிட்டான். இவரும் ஆசை ஆசையாய்க் கத்திப்பிடி கடைந்து கொடுத்தார். வாங்கிய சமையல்காரர் ஒரு மாதம் கழித்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றார். கரி பூசியதுபோலக் கறுப்பு. அன்றைக்குத் தெருவே கூடிச் சிரித்தது. அதற்குப் பிறகு பெரியவர் கண்ணை நம்புவதில்லை, அடுத்தவன் வாயையும் நம்புவதில்லை.

அடுத்த நாள் காலை மகளும் மருமகனும் மற்ற உருண்டைகளை அளவெடுக்கக் கட்டடத்துக்குக் கிளம்பினார்கள். கட்டை புது இடத்துக் காற்றுக்குக் கொஞ்சம் பழகட்டும், அதை யாரும் தொட வேண்டாம் என்று மகள் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். பட்டறையில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லாதபோது அது என்ன பொது?

பெரியவர் கட்டையை வெளியே எடுத்தார். பேனாக்கத்தியால் ஓர் ஓரத்தைச் சுரண்டினார். கறுப்பு. இன்னும் கொஞ்சம் சுரண்டினார். அதற்குள்ளும் கறுப்பு. இந்தக் காலத்தில் உள்ளே வரைக்கும் சாயம் ஏற்றுகிறான்கள், மெஷின் வைத்திருக்கிறான்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அதனால் சுரண்டிப் பார்த்தது கணக்கில் சேராது. ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி. மற்ற மரமெல்லாம் தண்ணீரில் மிதக்கும். கருங்காலி கல்லைப்போல மூழ்கும். தண்ணீரை யாரும் கைக்குள் போட்டுக்கொள்ள முடியாது.

முனையில் இருந்த மெழுகு அவருக்கு உறுத்தியது. மெழுகு மிதக்கிற சாமான். நாளைக்குக் கட்டை மூழ்காமல் நின்றால், மெழுகுதான் தூக்கியது என்று அந்தப் பெயின்ட் கடைக்காரன் சாக்குச் சொல்வான். பரீட்சை என்றால் சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் மெழுகைச் சுரண்டி எடுத்தார். மரம் காயும்போது முனை வழியாகத்தான் அவசரமாகக் காய்ந்து விரிசல் விடும், அதைத் தடுக்கத்தான் மெழுகு என்பது அவருக்குத் தெரியாததல்ல. இது எப்போதோ காய்ந்த மரமாயிற்றே, இனி மெழுகென்ன என்று நினைத்துக்கொண்டார்.

பின்கட்டில் துணி துவைக்கும் சிமென்ட் தொட்டி, மார்பு உயரம், விளிம்புவரை தண்ணீர். கட்டையை மெல்ல விட்டார். குபுக் என்றது ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் போகும் மனிதனைப்போல நேரே அடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டது.

அசல் கருங்காலி. பெரியவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். சந்தோஷப்பட வேண்டிய இடம். ஏமாந்ததுபோலத்தான் இருந்தது.

எடுக்கலாம் என்று கையை விட்டபோதுதான் அடுத்த சங்கடம் புரிந்தது. தோள்வரை நனைத்தும் விரல் எட்டவில்லை. கொம்பை எடுத்துத் தள்ளினார். கட்டை நழுவி மூலைக்குப் போய் இடுக்கில் உட்கார்ந்துகொண்டது. கம்பியை வளைத்துக் கொக்கி செய்து பார்த்தார். வழவழவென்று கொக்கிக்கு இடம் கொடுக்கவில்லை. பாலிஷ்காரரைக் கூப்பிட்டால் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார். அடுத்த நிமிஷம் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கடைசியில் தொட்டியின் அடியில் வெளிப்பக்கம் இருந்த அடைப்பைப் பிடுங்கினார். பாசி பிடித்த துவாரம். தண்ணீர் ஓடவில்லை, அழுதுகொண்டே போனது. வெயில் உச்சிக்கு வந்து சாயத் தொடங்கியும் தொட்டியில் பாதி நின்றது.

சாக்கடையில் தண்ணீர் போவதைப் பார்த்துப் பாலிஷ்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, தொட்டி கழுவுறீங்களா?"

"பாசி," என்றார் பெரியவர்.

"அது என்ன உள்ளே கறுப்பா?"

"அதான் பாசி."

ஒருவழியாகக் கட்டை கைக்கு வந்தபோது அவருக்கு இடுப்பு நிமிரவில்லை. துணியால் துடைத்தார். துடைத்தது போதாதென்று, கட்டிப் பசை உருக்குவதற்காகப் பட்டறையில் இருந்த அடுப்பைப் பற்றவைத்து, அதன் பக்கத்தில் கட்டையைச் சாய்த்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் திருப்பிக் காய வைத்தார். பிறகு மெழுகுவர்த்தியை உருக்கி இரண்டு முனையிலும் பழையபடி பூசி, சாக்கில் சுற்றி, இருந்த இடத்தில் வைத்தார். அவர்கள் திரும்பி வந்தபோது முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். தொட்டி ஏன் காலி என்று மகள் கேட்டதற்கும் பாசிதான் பதில்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து பட்டறைக்குப் போனார். மனம் கேட்கவில்லை. சாக்கை விலக்கிக் கட்டையைத் தட்டினார்.

டப்.

இடம் மாற்றித் தட்டினார். டப். முதல் நாள் கேட்ட வெண்கலம் எங்கே போனது என்று தெரியவில்லை. உள்ளே யாரோ துணியைத் திணித்துவைத்ததுபோல இருந்தது. மெழுகு கனமாகப் பூசிவிட்டோம், அதனால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். காலை ஈரம், காது மந்தம் என்று சொல்லிக்கொண்டார். மெழுகைச் சுரண்டிப் பார்த்துவிடலாம் என்று கத்தியை எடுத்தபோது மகள் காபி டம்ளரோடு உள்ளே வந்துவிட்டாள். கத்தியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கே கடையப்போகிறேன் என்றாள் மகள். காற்றில் ஈரமும் இல்லை, வெக்கையும் இல்லை, இதைவிட நல்ல நாள் வராதாம். உளிகளை வரிசையாகச் சாணை பிடித்தாள். கருங்காலி உளியின் முனையைத் தின்னும். நாலு சீவல் சீவினால் மறுபடி சாணைக்குப் போக வேண்டும். பிறகு கட்டையின் ஒரு முனையில் இரும்புத் தட்டைத் திருகி லேத்தின் தலையில் மாட்டினாள். மறுமுனைக்குக் கூர்முளையை முட்டுக் கொடுத்தாள். இரண்டு முனையிலும் மெழுகு இருந்தபடியே இருந்தது.

பெரியவர் முக்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நின்றார்.

லேத்தில் விரிசல் விட்ட கட்டை என்ன செய்யும் என்பது அவர் தாடைக்குத் தெரியும். இடது கன்னத்தில், பல் இரண்டு போன இடத்தில், இப்போதும் விரல் வைத்தால் பள்ளம் இருக்கிறது. அது வெறும் மாமரத் துண்டு. இது கல்லுக்குச் சமானமான கனம். சுழற்சியில் இரண்டாகப் பிரிந்தால், பாதி கூரைக்குப் போகும், பாதி ஆளுக்கு வரும். உளி பிடிக்கிறவள் மூஞ்சி அதற்கு நேரே. மகள் கண்ணுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி போட்டிருந்தாள்.

மோட்டார் உறுமியது. முதலில் மெதுவாகத்தான் ஓட்டினாள். மூலை மூலையாகச் சதுரம் உடைய, கரித்துண்டு மாதிரிச் சில்லுகள் தெறித்தன. மற்ற மரம் சுருள் சுருளாகச் சீவப்படும். இது பொடிப்பொடியாய் உதிரும். மருமகன் தும்மினான். இந்தத் தூள் மூக்கில் ஏறினால் சாயங்காலம்வரை மை சிந்தலாம். அவன் அட்டையில் வெட்டிய அரைவட்ட அளவைக் கையில் பிடித்துக்கொண்டு, மனைவி எப்போது நிறுத்திக் கேட்கிறாளோ அப்போது கட்டையில் வைத்துப் பார்ப்பதற்காக லேத்தை ஒட்டி, கட்டைக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தான்.

பெல்ட் தளர்வாக இருக்கிறது, நிறுத்து என்றார் பெரியவர். அவள் பெல்ட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, தளர்வு இல்லை என்று ஓட்டினாள். உளி மொட்டை என்றார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கு நேரம் சரியில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மாமாவுக்கு எப்போதிலிருந்து நேரம் காலம் பார்க்கும் பழக்கம் வந்தது என்று மருமகன் சிரித்தான். அவனை அந்த இடத்திலிருந்து தள்ளி நிற்கச் சொன்னார். ஏன் மாமா, என் நிழல் பட்டாக்கூட மரம் கெட்டுப்போகுமா என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றான்.

உளி படும்போதெல்லாம் ஒரே சீரான கர்ர் என்ற சத்தம். அதற்கு நடுவே, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டிக். பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். டிக். டிக். டிக். இன்னும் மூலை உடையாத இடத்தில் உளி தட்டுகிறது என்று மகள் நினைத்திருப்பாள். வேறு எந்தக் கடைசல்காரரும் அப்படித்தான் நினைப்பார். கட்டை தொட்டிக்குப் போய் வந்தது தெரிந்தவர் பட்டறையில் ஒரே ஒருவர்தான்.

"இந்தக் கட்டை சரியில்லம்மா," என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

மகள் மோட்டாரை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தாள். "நீங்க எந்தக் கட்டையப்பா சரியா இருக்குன்னு சொல்லியிருக்கீங்க? நீங்க நல்லாருக்குன்னு சொன்னாத்தான் எனக்குப் பயமா இருக்கும்."

மருமகன் சிரித்தான். வாசலில் வேடிக்கை பார்க்க வந்து நின்ற பாலிஷ்காரரும் சிரித்தார். இத்தனை வருஷமும் பெரியவர் வாயால் சரியில்லை என்று சொல்லாத பொருள் இந்த வீட்டில் இல்லை. கதவு, கடிகாரம், மருமகன், மழை, எல்லாம் சரியில்லை. இன்றைக்கு ஒன்று உண்மையாகவே சரியில்லாதபோது, சொல்வதற்கு வேறு சொல் இல்லை அவரிடம்.

இருந்தது ஒன்று. அதைச் சொன்னால் இந்தப் பெயின்ட் கடைக்காரன் முன்னால் தலை குனிய வேண்டும். பாலிஷ்காரரை வேறு வாசலில் வைத்துக்கொண்டு.

ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஆகாமலும் போகலாம். இந்த மரத்துக்குள் ஊசி நுழையாது, தண்ணீர் எப்படி நுழையும்?

மகள் மோட்டாரை நிறுத்தினாள். பெரியவருக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் கட்டையைக் கழற்றவில்லை. மூலைகள் உடைந்தாயிற்று, இனி வேகம் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பெல்ட்டைச் சின்னச் சக்கரத்துக்கு மாற்றினாள். தொடர்ந்து, பின்பக்கத்து முளை கைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அதையும் பின்னால் இழுத்துவிட்டாள். இப்போது கட்டையை ஒரு பக்கம்தான் பிடித்திருந்தது. மருமகன் அளவு அட்டையோடு குனிந்து, முகத்தைக் கட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அவள் கை சுவிட்சுக்குப் போனது. உறுமல் எழுந்தது, கட்டையின் உருவம் கலங்கி, சுழலும் நிழலாக மாறத் தொடங்கியது.

பெரியவர் இரண்டே எட்டில் சுவருக்குப் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார்.

விளக்கு அணைந்தது. மின்விசிறி தளர்ந்தது. லேத் முனகிக்கொண்டே வேகம் குறைந்தது.

"அப்பா, உங்களுக்கு என்ன பைத்தியமா?" மகள் உளியைப் பலகையில் போட்டாள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. விளையாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு, உளி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், இனி வேலை நேரத்தில் இவர் பட்டறைக்குள் வரவே கூடாது என்று பொரிந்து தள்ளினாள். மருமகன் சுவரைப் பார்த்து நடந்தான், சுவிட்சை மேலே தூக்க. பெரியவர் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"விடுங்க மாமா."

"போடாதீங்க."

"மாமா, எனக்கு உங்கள இழுத்துத் தள்ளத் தெரியாது. தயவுசெஞ்சு விடுங்க."

பெரியவர் அவனைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துச் சொன்னார்.

"நான் அத தண்ணியில போட்டேன்."

யாருக்கும் உடனே புரியவில்லை. மகள்தான் முதலில் லேத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எதை?"

"அதத்தான். மிதக்குதா மூழ்குதான்னு பாக்க."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்."

"கொஞ்சம்னா?"

"எடுக்க வரல. நீங்க திரும்பி வர்றதுக்குச் சித்த முன்னாடிதான் எடுத்தேன்."

மகள் பிளாஸ்டிக் கண்ணாடியைக் கழற்றினாள். "முனையில மெழுகு இருந்துச்சே."

"சுரண்டிட்டுத்தான் போட்டேன். இப்ப இருக்கறது நான் பூசினது."

"எப்படிக் காயவெச்சீங்க?"

பெரியவர் தலையைத் திருப்பிப் பசையடுப்பைப் பார்த்தார். சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

வாசலில் பாலிஷ்காரர், "அப்ப அது பாசி இல்லியா," என்று மெல்லக் கேட்டார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மகள் கட்டையைத் திருகிக் கழற்றினாள். மேசைமேல் வைத்து, வெளிமுனையின் மெழுகைத் தகட்டால் வழித்தாள். கறுப்புக்குள் கறுப்பு, வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. துணியில் ஸ்பிரிட்டை நனைத்து முனை முழுக்கத் தேய்த்துவிட்டுக் காத்திருந்தாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஸ்பிரிட் விளிம்பிலிருந்து ஆவியாகி மறைந்துகொண்டே வந்தது. முனை முழுவதும் காய்ந்தும், நடுவிலிருந்து ஓரம்வரை ஒரு கோடு மட்டும் காயாமல் ஈரமாகவே நின்றது. ஸ்பிரிட்டை உறிஞ்சி வைத்திருந்தது அந்தக் கோடு. அவள் பக்கவாட்டிலும் தேய்த்தாள். கோடு அங்கேயும் இறங்கியிருந்தது, ஏறக்குறைய மறுமுனைவரை.

மருமகன் பின்னால் நகர்ந்து, கிடந்த பலகைக் கட்டின்மேல் உட்கார்ந்தான். சற்று முன்பு தன் முகம் எங்கே இருந்தது என்று அவன் கணக்குப் பார்ப்பது தெரிந்தது.

மகள் ஒரு பழைய உளியைக் கோட்டின்மேல் வைத்து, கொட்டாப்புளி மரச்சுத்தியால் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். ஓங்கி அடிக்கவில்லை. கட்டை டக்கென்று இரண்டாகத் திறந்துகொண்டது. இவ்வளவு நாள் யாரும் பார்க்காத உள்பக்கம், புதுத் தார் ரோடு மாதிரிப் பளபளத்தது.

பாலிஷ்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தனக்கு வார்னிஷ் காய்கிறது என்று நழுவிவிட்டார்.

பெரியவர்தான் முதலில் பேசினார். "நான் சொன்னேன்ல, கட்டை சரியில்லன்னு. உள்ள ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கு. விக்கிறவன் மெழுகப் பூசி மறைச்சிருக்கான்."

மகள் பாதிக் கட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பழைய விரிசல்னா உள்ள அழுக்கு ஏறியிருக்கும்பா. தூசி இருக்கும். இது பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு. நேத்து விட்டது இது."

"கரண்ட் இல்ல. வெளிச்சம் பத்தல."

"வெளிய கொண்டுபோய்ப் பாருங்க."

அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

மருமகன் கோபப்படுவான் என்று பெரியவர் எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்த வசதியாக இருந்திருக்கும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சந்தேகமா இருந்தா என்கிட்டயே கேட்டிருக்கலாமே மாமா. ஓரத்துல ஒரு சில்ல வெட்டி டம்ளர் தண்ணியில போட்டாப் போதும். அதுவும் முழுகும். முழுக் கட்டையவா போடணும்?"

பெரியவருக்குச் சுருக்கென்றது. சில்லு. அது அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததை ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"சில்லு எப்பவும் நல்லாத்தான் இருக்கும்," என்றார். "கட்டைதான் ஏமாத்தும்."

மகள் இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தாள். உருண்டைக்கு வழி இல்லை. கத்திப்பிடி வரும், கதவுக் குமிழ் வரும், கைத்தடித் தலை ஒன்றிரண்டு வரும். அந்தப் படிக்கட்டுக்கு இதிலிருந்து ஒன்றும் வராது. கட்டடத்து மேற்பார்வையாளரிடம் என்ன சொல்வது என்று மருமகனைக் கேட்டாள். கட்டை விரிசல் விட்டுவிட்டது என்று சொல்லலாம், அது பொய் இல்லையே என்றான் அவன். யாரால் என்று அவர் கேட்டால்? கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுப் பக்கம் போனான். அவன் இவர் பெயரைச் சொல்லப்போவதில்லை என்பது பெரியவருக்கு விளங்கியது. அது எதற்காக என்றுதான் விளங்கவில்லை. இந்தக் காலத்துப் பையன்கள் சும்மா நல்லவனாக இருக்க மாட்டான்கள்.

சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். மகள் முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கப்பா. தண்ணி குடிங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

அதைக் கேட்க அவருக்குப் பிடிக்கவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். எங்கே என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. எங்கேயும் இல்லை என்று கையை ஆட்டினார்.

சந்து வெயிலாக இருந்தது. வார்னிஷ் வாடையோடு பாலிஷ்காரர் எழுந்து நின்று, எல்லாம் சரியாயிற்றா அண்ணே என்று கேட்டார்.

"மரம் சரியில்ல," என்றார் பெரியவர், நிற்காமல்.

ஆணி இறங்காத மரம். அரம் வழுக்குகிற மரம். அதற்குள் அரை நாளில் தண்ணீர் போய்விடுமாம், போய் இரண்டாய்ப் பிளந்துவிடுமாம். யாரிடம் காது குத்துகிறார்கள்? அந்த மரக்காரன் கிடங்கில் என்ன நடந்ததோ, எத்தனை மழை பார்த்ததோ, யார் கண்டது. தொட்டியில் போட்டதால்தான் தெரிந்தது என்று ஒருவராவது சொல்கிறார்களா? சாக்கடையைத் தாண்டி, தெருமுனையில் திரும்பி, தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டு நடந்துபோனார்.